ஸ்டேல்மேற்றுக்குச் சமநிலை என்று சொல்லாதீர்கள்

திருகோணமலையில் நடந்த ஒரு சிறுவர் சதுரங்கப் போட்டி. உவர்மலையில் என் வீட்டு விறாந்தையில் பழகும் பத்து வயதுப் பிள்ளைக்கு ராணி மிச்சம். எதிரே தனி ராஜா, ஏ8 மூலையில். இவள் அவசரத்தில் ராணியை பி6இல் வைத்துவிட்டாள். நடுவர் பார்த்தார், "சமநிலை" என்றார், போய்விட்டார். ராஜா செக்கில், அதாவது எதிரியின் தாக்குதலில், இல்லாமலே நகர வழியற்றுப் போகும் இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் ஸ்டேல்மேற் என்று பெயர்.

"எனக்கு ராணி நிக்குது சேர், அவளுக்கு ராஜா மட்டும்தானே. எப்பிடிச் சமம்?" என்று என்னிடம் வந்து அழுதாள். நியாயமான கேள்வி. அந்தச் சொல்லை இன்னும் எத்தனை தரம்தான் கேட்பது!

ஸ்டேல்மேற்றின் முற்பாதி, நின்றுபோன நிலையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பிற்பாதி பாரசீகத்து 'ஷா மாத்'தின் மாத். கதியற்றுப் போனவன் என்று பொருள். ராஜா செத்தான் என்று பலர் சொல்லிக்கொடுப்பது தவறு. சதுரங்கத்தில் ராஜா சாவதே இல்லை.

சரி, அந்தப் பலகையில் நடந்தது என்ன? ஏ7, பி7, பி8 மூன்று கட்டங்களையும் ராணி ஒருத்தியே பிடித்துக்கொண்டாள். ராஜாவுக்குச் செக் இல்லை, போக இடமும் இல்லை, நகர்த்த வேறு காயும் இல்லை. இதில் சமம் எங்கே இருக்கிறது? ஆளுக்கு அரைப் புள்ளி கிடைத்ததுதான் சமம். அது முடிவு. நிலைக்குப் பெயர் கேட்டால் முடிவின் பெயரைச் சொல்கிறார்கள். உலகச் சதுரங்கச் சம்மேளனமான பிடேயின் விதி 5.2.1 இரண்டையும் பிரித்தே சொல்கிறது: செக் இல்லாமல், விதிப்படி நகர்வும் இல்லாமல் போனால் ஆட்டம் டிரோ (யாருக்கும் வெற்றியில்லை), அப்படி முடிவதன் பெயர் ஸ்டேல்மேற். மொழிபெயர்த்தவர்கள் இரண்டுக்கும் ஒரே சொல்லை ஒட்டிவிட்டார்கள். இருபக்கமும் பலம் ஒத்திருக்கும் நிலைக்கும் அதே 'சமநிலை'தான். ஒரு சொல் எத்தனை மூட்டையைச் சுமக்கும்?

முடிவு ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, எதிரியை இப்படி நிறுத்தியவனே தோற்றவன். சீனச் சதுரங்கத்தில் இன்றும் நகர முடியாதவன் தோற்றான். நம் ஆடுபுலி ஆட்டத்திலும் புலிகளை அசையவிடாமல் அடைத்தால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. அங்கெல்லாம் போய்ச் சமநிலை என்று சொல்ல முடியுமா?

பத்திரிகைக்காரர் பேச்சுவார்த்தைச் செய்தியில் எழுதும் 'முட்டுக்கட்டை' இன்னும் மோசம். அது வண்டிச் சில்லுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கும் கட்டை. இங்கே வெளியார் யாரும் இல்லை. ராணிக்காரியால் நகர முடியும், மற்றவளால்தான் முடியாது. 'தேக்கநிலை' குளத்துக்கும் பொருளாதாரத்துக்கும் இருக்கட்டும். பலகைக்கு முன்னால் ஒரு நாள் குந்தியிருந்தவர் இப்படி மொழிபெயர்க்க மாட்டார். அகராதியும் அவசரமுமாக இருந்து செய்கிற வேலை இது.

நான் சொல்வது 'முடக்கம்'. 'நகர்வின்மை'யும் தெளிவான சொல்தான், ஆனால் அதற்கு வினை கிடையாது. முடக்கத்துக்கு இரண்டும் உண்டு: ராணிக்காரி முடக்கினாள், ராஜா முடங்கினான். யார் செய்தது, யாருக்கு நடந்தது என்று ஒரு எழுத்திலேயே தெரிந்துவிடுகிறது. ராஜாவுக்கு முன்னால் விலக முடியாமல் நிற்கும் காயையும் முடங்கியது என்போமே என்று ஒரு நண்பர் கேட்டார். அதை நாங்கள் 'கட்டுப்பட்ட காய்' என்கிறோம், குழப்பம் வரவில்லை.

இப்போது விறாந்தையில் மூலை ராஜாவைத் துரத்தப் பழகும்போது, ராணியைக் குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் வைக்காதே என்று சொல்லிக்கொடுக்கிறேன். ஏ8க்கு பி6 அந்தத் தூரம்தான். நேற்று ஒரு பொடியன் அங்கே ராணியைக் கொண்டுபோக, பக்கத்தில் இருந்த அந்தப் பிள்ளை கத்தினாள்: "டேய், முடக்கிப் போடாத!"