கல்லூரியில் கலக்கிய குவாட்டர்பேக் என்எஃப்எல்லில் தேறுவாரா?

அமெரிக்க கால்பந்தில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். ஒவ்வோர் ஏப்ரலிலும், தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கும்போது இதே வாக்குவாதம்தான். எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்க்கும் டச்டவுன்களின் எண்ணிக்கையும் ஹைலைட்ஸ் வீடியோவும்தான் இரண்டு தரப்புக்கும் சாட்சி. அந்த இரண்டுமே ஆளை ஏமாற்றக்கூடியவை.

2018 டிராஃப்டின் முதல் சுற்றில் ஐந்து குவாட்டர்பேக்குகள் போனார்கள். தேர்வு வரிசையில் பேக்கர் மேஃபீல்டு 1, சாம் டார்னல்டு 3, ஜோஷ் ஆலன் 7, ஜோஷ் ரோசன் 10, லமார் ஜாக்சன் 32. கடைசியாகப் போன ஜாக்சனும், வயோமிங் கல்லூரியில் நூறு பாஸுக்கு 56 மட்டுமே சகவீரர் கைக்குச் சேர்ந்த ஆலனும்தான் பிறகு சீசனின் சிறந்த வீரர் (எம்விபி) ஆனார்கள். வீசும் அழகில் குறையே சொல்ல முடியாத ரோசனை அரிசோனா அணி ஒரே வருடத்தில் மயாமிக்குத் தள்ளிவிட்டது.

முதலில் எண்களைச் சலித்துக்கொள்ள வேண்டும். பாஸ் வீசுவதற்குள் பந்தோடு சாய்க்கப்பட்டால் அது சாக். அதில் இழக்கும் யார்டுகளைக் கல்லூரிக் கணக்கில் குவாட்டர்பேக்கின் ஓட்டத்தில் கழிப்பார்கள். பாஸ் கணக்கு மாசுபடாமல் அப்படியே இருக்கும். ஒருவர் 30 பாஸ் வீசி 270 யார்டு எடுத்தார் என்று வையுங்கள். பாஸுக்கு 9 யார்டு, பிரமாதம். அதே ஆட்டத்தில் நான்கு சாக்கில் 30 யார்டு போயிருந்தால்? 34 முயற்சிக்கு 240 யார்டு, அதாவது 7-ஐ ஒட்டி. இப்படித் திருப்பிக் கணக்குப் போட்டாலே பாதிப் பேரின் பளபளப்பு குறைந்துவிடும்.

அடுத்தது ஆர்பிஓ, அதாவது ஓட்டமா பாஸா என்று ஆட்டத்தின் நடுவே முடிவெடுப்பது. பந்தை ஓட்டக்காரரிடம் கொடுப்பதுபோல் நீட்டி, எதிரணித் தடுப்பாளரான லைன்பேக்கர் முன்னே வந்தால் இழுத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் வீசும் ஆட்டம். கல்லூரியில் இது ஏன் அவ்வளவு சுலபம்? பாஸ் வீசப்படும் முன்பே, குவாட்டர்பேக்குக்கு முன்னே அரணாக நிற்கும் லைன்மேன்கள் ஆட்டம் தொடங்கிய கோட்டைத் தாண்டி 3 யார்டு வரை போகலாம். அவர்கள் பாய்வதைப் பார்க்கும் லைன்பேக்கருக்கு அது அசல் ஓட்டமாகவே தெரியும். என்எஃப்எல்லில் அனுமதி 1 யார்டுதான். ஏமாற்றும் நேரம் சுருங்குகிறது, இடைவெளியும் சீக்கிரம் மூடிக்கொள்கிறது. ஒருவருடைய பாஸ்களில் ஆர்பிஓவும் கோட்டுக்குப் பின்னாலேயே பிடிக்கப்படும் ஸ்கிரீன் பாஸ்களும் எத்தனை என்று எண்ணிக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் எடைபோடுங்கள்.

மைதானமும் வேறுதான். 160 அடி அகலத்தில், பந்து வைக்கும் எல்லையான ஹாஷ் கோடுகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு பக்க ஹாஷ் கோட்டில் இருந்தால் மறுபக்கம் 100 அடி திறந்து கிடக்கும். அத்தனை இடத்தையும் காவல் காக்க டிஃபென்ஸ் சிதறியே ஆக வேண்டும்.

பிறகுதான் டேப், அதாவது ஆட்டத்தின் வீடியோ பதிவு. எல்லா ஆட்டத்தையும் முழுக்கப் பார்க்க நேரமில்லாதவர்கள் மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது) 7 யார்டுக்கு மேல் தேவைப்படும் கட்டங்களை மட்டும் பார்த்தால் போதும். ஓடப்போவதாகப் போக்குக் காட்டினாலும் அப்போது யாரும் நம்ப மாட்டார்கள். பந்தைப் பார்க்காதீர்கள், பாதத்தைப் பாருங்கள். பாஸைப் பிடிக்க ஓடும் முதல் ரிசீவர் மறிக்கப்பட்டதும் கண் அடுத்தவரிடம் போகிறது; கூடவே பாதமும் திரும்புகிறதா? கண் மட்டும் திரும்பி பாதம் பழைய திசையிலேயே நின்றால் பந்து ரிசீவருக்குப் பின்னால் விழும், இல்லை உயரப் போகும். பந்து கைக்கு வரும் ஸ்னாப்பிலிருந்து இரண்டரை வினாடியில் முடிவெடுக்காதவருக்கு என்எஃப்எல்லில் அடிதான் மிஞ்சும்.

எதிரணியின் நெருக்கடி வந்த பாஸ் முயற்சிகளைத் தனியாகக் குறித்து, அவற்றில் எத்தனை சாக்கில் முடிந்தன என்று பாருங்கள். ஐந்தில் ஒன்றுக்குள் இருந்தால் சரி. நான்கில் ஒன்றைத் தொட்டால் கவலைப்படலாம். லைன்மேன்கள் சரியில்லை என்று சமாதானம் சொல்வார்கள். நெருக்கடி அவர்களால் வரலாம். அதை ‘சாக்’ ஆக்குவது பெரும்பாலும் பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்பவர்தான். கல்லூரியை விட்டு வந்தாலும் இந்தப் பழக்கம் கூடவே வரும்.

கையை வீசும் விதமும் அப்படித்தான். டிம் டீபோ 2007-இல் கல்லூரியின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை வென்றவர். பந்தை இடுப்பு வரை இறக்கிச் சுழற்றி வீசுவார். அந்தச் சுற்றுக்குள் ரிசீவரைக் காக்கும் கார்னர்பேக் ஓர் அடி எடுத்துவைத்துவிடுவார். 2011-இல் டென்வரை பிளேஆஃப் வரை கொண்டுபோனார், ஒரு ஆட்டத்தையும் ஜெயித்தார்; ஆனால் அந்த சீசனில் சேர்ந்த பாஸ்கள் 46.5 சதவீதம். அதை வைத்து வேலை நிலைக்காது.

விரித்த கையின் அளவைப் பற்றி நடக்கும் ரகளையை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஜோ பர்ரோவுக்கு 9 அங்குலம் என்றதும் எத்தனை கவலை! ஒரே சீசனில் வந்த எண்கள் என்ற சந்தேகமும் அவர்மேல் இருந்தது: கல்லூரியில் அவர் வீசிய பாஸ்களில் சேர்ந்தவை 2018-இல் 57.8 சதவீதம், 2019-இல் 76.3. டேப்பில் பாதம் சுத்தமாக இருந்தது. இரண்டாவது வருடமே சின்சினாட்டி அணியை இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குக் கூட்டிப்போனார்.

இத்தனையும் சரியாக இருந்து போகிற வீடு சரியில்லாமல் போவதும் உண்டு. ரோசன் வந்த வருடமே அரிசோனா தலைமைப் பயிற்சியாளரை மாற்றியது. புதியவர் தனக்குப் பிடித்த கைலர் மரேயை முதல் தேர்வாக எடுத்துக்கொண்டார். பால்டிமோரோ ஜாக்சனின் ஓட்டத்தைச் சுற்றி ஆட்டத்தையே புதிதாகக் கட்டியது. ஆலனுக்கு பஃபலோ பொறுத்திருந்தது, 2020-இல் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கிக் கொடுத்தது, சேர்ந்த பாஸ்களில் 52.8 சதவீதத்தில் தொடங்கியவர் அந்த வருடம் 69.2-க்கு ஏறினார். டார்னல்டு நியூயார்க் ஜெட்ஸில் தோற்று, இன்னும் இரண்டு அணி சுற்றி, 2024-இல் மின்னசோட்டாவில் 14 ஆட்டம் ஜெயித்தார். முன்பு அவரைத் தேறாதவர் என்று எழுதியவர்கள் பார்த்த டேப்பும் அதே ஆளுடையதுதான்.