முன்கொள்வுரிமை: பங்கை முதலில் யாரிடம் காட்ட வேண்டும்?

கூட்டு முயற்சி நிறுவனங்களின் பங்குதாரர் ஒப்பந்தங்களில் ‘ரைட் ஆஃப் ஃபர்ஸ்ட் ரெஃப்யூசல்’ என்ற ஷரத்தை அடிக்கடி காணலாம். வழக்கறிஞர்கள் ‘ரோஃபர்’ என்று சுருக்கிவிடுவார்கள். இதைத் தமிழில் ‘முதல் மறுப்புரிமை’ என்று எழுதுவது ஆபத்தானது. விற்பனையையே மறுத்துத் தடுக்கும் அதிகாரம் கூட்டாளிக்கு இருப்பதாகப் படிப்பவர் எண்ணிவிடுவார். அப்படி எந்த அதிகாரமும் இதில் இல்லை.

நடப்பது இதுதான். இருவர் சரிபாதியாக நடத்தும் நிறுவனத்தில் ஒருவருக்கு வெளியாள் பங்கு ஒன்றுக்கு 500 ரூபாய் தர முன்வருகிறார் என்று வையுங்கள். விற்பவர் அந்த விலையையும் நிபந்தனைகளையும் எழுதிக் கூட்டாளிக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். கூட்டாளி குறித்த கெடுவுக்குள், 30 நாள் என்று வைத்துக்கொள்வோம், அதே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். வாங்கவில்லையென்றால் விற்பவர் வெளியாளிடம் போகலாம். ஆனால் விலையைக் குறைத்து விற்கக் கூடாது.

ஆங்கிலத்தில் ‘ரெஃப்யூசல்’ என்ற சொல்லுக்கு, ஏற்கவோ தள்ளவோ பிறருக்கு முன்னால் கிடைக்கும் வாய்ப்பு என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. நம் ‘மறுப்பு’க்கு அந்தப் பொருள் கிடையாது. இதோடு உறவுடைய ‘ப்ரீஎம்ப்ஷன்’ தெளிவான சொல்: லத்தீனில் ‘ப்ரே’ என்றால் முன், ‘எமெரே’ என்றால் வாங்கு. நிலத்தில் பங்காளிக்கும் அண்டை வீட்டாருக்கும் இதே உரிமையைத் தரும் இஸ்லாமியச் சட்டத்தின் ‘ஷுஃபா’, சேர்த்தல் என்ற பொருளுள்ள அரபு வேரிலிருந்து பிறந்தது. அந்த நில உரிமையைச் சென்னை உயர் நீதிமன்றம் 1870-லேயே ஏற்க மறுத்துவிட்டது.

தமிழில் ‘கொள்’ என்பதற்கு விலைக்கு வாங்குவது என்ற பொருளும் உண்டு. கொள்முதல் என்ற சொல்லில் அது இன்றும் வாழ்கிறது. எனவே ‘முன்கொள்வுரிமை’ என்பதே பொருந்தும்.

சண்டை மூள்வது பெரும்பாலும் இந்த உரிமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான். ரங்கராஜ் வழக்கில் ஒரு குடும்பக் கம்பெனியின் 50 பங்குகள் இரு கிளைகளிடம் 25, 25 ஆக இருந்தன. விற்பவர் முதலில் தன் கிளையாரிடம் தர வேண்டும் என்று குடும்பத்துக்குள் பேச்சு. ஒருவர் மறு கிளைக்கு விற்றுவிட்டார். கம்பெனியின் செயல்முறை விதிகளில் (ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் அசோசியேஷன்) இல்லாத கட்டுப்பாடு கம்பெனியையோ பங்குதாரரையோ கட்டுப்படுத்தாது என்று 1991 இறுதியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்கை நம்பியிருந்தவர்களுக்குக் கடுமையான தீர்ப்பு. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 58(2) பிரிவு, பொதுக் கம்பெனிப் பங்குகள் குறித்த தனி ஏற்பாடுகளை ஒப்பந்தமாகவே நிறைவேற்றலாம் என்றது. தனியார் கம்பெனிக்கு அந்தச் சலுகை சொல்லப்படவில்லை. ஷரத்தைச் செயல்முறை விதிகளிலும் சேர்த்துவிடுவதே பாதுகாப்பு.

இன்னொரு ஓட்டையும் உண்டு. கூட்டாளி தன் பங்கைத் தொடாமல், அதைத் தன் பெயரில் வைத்திருக்கும் கம்பெனியையே விற்றுவிடலாம். பங்கேட்டில் பெயர் மாறாது, ஆள் மாறிவிடுவார். ‘கட்டுப்பாடு கைமாறினாலும் முன்கொள்வுரிமை எழும்’ என்று வெளிப்படையாக எழுதாவிட்டால், நீதிமன்றத்தில் அதை நிறுவுவது பெரும்பாடு.