டிஸ்ப்ளே தூக்கியிருந்தால் அழுத்தாதீர்கள்

தெப்பக்குளம் பக்கம் பூக்கட்டி விற்கும் அக்கா ஒருவர் போன மாதம் என் மொபைல் கடைக்கு வந்தார். போனைச் சுற்றி இரண்டு ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.

"தம்பி, கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. பசை வச்சு ஒட்டிக் குடுத்துரு, அது போதும்."

வீட்டில் பையன் ஃபெவிக்விக் வைத்து ஒட்டிப் பார்த்தானாம். இரண்டு நாள் நின்றதாம். மறுபடியும் பிளந்துகொண்டதாம்.

ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு, போனைக் கவுண்டர் கண்ணாடி மேல் வைத்து ஓரத்தில் ஒரு சுண்டு சுண்டினேன். பம்பரம் மாதிரி சுற்றியது. முதுகு தட்டையாக இருக்கிற போன் அப்படிச் சுற்றாது, கால் வட்டம் தேய்த்துக்கொண்டு நகர்ந்து நின்றுவிடும். (கேமரா மேடு பெரிதாக இருக்கும் இப்போதைய மாடல்களுக்கு இந்த வித்தை சரிப்படாது. கண் மட்டத்தில் படுக்கைவாக்கில் பிடித்து, ஓரத்து இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.)

"அக்கா, பசை விட்டுப்போனதால தூக்கல. உள்ள பேட்டரி உப்பிருச்சு. அதுதான் கண்ணாடியைத் தள்ளுது."

"அப்படியா? சார்ஜ் எல்லாம் நல்லாத்தானே நிக்குது?"

திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் பதினான்கு வருஷமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறார். சார்ஜ் நிற்பதற்கும் பேட்டரி உப்புவதற்கும் அவ்வளவு சம்பந்தம் இல்லை. உப்பிய பேட்டரி ஒரு நாள் முழுக்க சார்ஜ் தாங்குவதும் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் பலர் மாதக்கணக்கில் அதைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். செம்புத் தகடு ஒன்று, அலுமினியத் தகடு ஒன்று, இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க நடுவில் முடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. தகடுகளின் மேல் கருப்பாக மருந்து பூசியிருக்கும். இத்தனையையும் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டித் தட்டையாக்கி, ஒரு பைக்குள் போட்டு, தீப்பிடிக்கக்கூடிய ஒரு திரவத்தை ஊற்றி ஓரங்களை ஒட்டியிருப்பார்கள். இந்த லித்தியம் அயான் பேட்டரியை 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. உருவாக்கியதில் பங்குள்ள மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அவ்வளவு பெரிய சங்கதிதான், ஆனாலும் வயதாக ஆக, சூடு பட பட, அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயுவாகிறது. பையில் ஓட்டை கிடையாது. வெயிலில் மறந்துபோன பால் பாக்கெட் உப்புகிற மாதிரி உப்பிக்கொள்கிறது.

அந்த நேரத்தில் டிஸ்ப்ளேயை அழுத்தி ஒட்டினால், வாயு போக இடமில்லாமல் உள்ளே இருக்கும் சுருள் மடங்கும். சவ்வு எங்கேயாவது கிழிந்தால் இரண்டு பக்கமும் தொட்டுக்கொள்ளும். மிச்சத்தைச் சூடே பார்த்துக்கொள்ளும்.

2016 ஆகஸ்டில் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7 ஞாபகம் இருக்கிறதா? வந்த வேகத்தில் தீப்பிடித்த செய்திகள் வர, செப்டம்பரில் திரும்பப் பெற்று, வேறு கம்பெனி பேட்டரி போட்டுக் கொடுத்தார்கள். அதுவும் எரிந்தது. அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். காரணத்தை 2017 ஜனவரியில் அவர்களே வெளியிட்டார்கள். முதல் பேட்டரியில் மேல் மூலையில் இடம் போதாமல் தகடு மடங்கியிருந்தது. இரண்டாவதில் வெல்டிங் பிசிறு சவ்வைக் குத்தியது. இரண்டுமே டப்பா பிரித்த புத்தம்புதுப் பேட்டரிகள். ஒரு மூலை மடங்கினதற்கே அந்தக் கதி. உப்பிப்போன பழைய பேட்டரியைக் கட்டைவிரலால் அழுத்தி ஃபெவிக்விக் வைப்பதைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

கலங்குவதற்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம், உப்பின பேட்டரி ஒன்றை அவசரத்தில் மெட்டல் ஓப்பனர் விட்டு நெம்பினேன். அடியில் பசை இறுக்கமாக இருந்தது. ஓப்பனர் முனை பையில் இறங்கியது. முதலில் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு தித்திப்பு வாசனை. அடுத்த நொடி சீறல், வெள்ளைப் புகை, அப்புறம் தீ. முதலாளி மணல் வாளியைக் கவிழ்த்ததால் கடை தப்பியது. புகையை இழுத்ததில் எனக்கு இரண்டு நாள் இருமல் நிற்கவில்லை. அந்தப் புகையில் நுரையீரலை அரிக்கும் அமில வாயுவும் உண்டு என்பது பிறகு படித்துத்தான் தெரிந்தது. இன்றைக்கு என் மேஜைக்கு அடியிலும் மணல் வாளி இருக்கிறது. ஓப்பனர் பிளாஸ்டிக். பேட்டரியில் சார்ஜை நன்றாக இறக்கிவிட்டு, பசையில் ஐபிஏ (பசையை இளக்கும் ஒருவகை ஆல்கஹால்) விட்டு, ஊறவிட்டுத்தான் எடுப்பேன். பேட்டரி ஓரம் ஹீட் கன் காட்டும் பையனைக் கடையில் சேர்ப்பதில்லை.

சரி, எந்தப் போன்கள் உப்பி வருகின்றன? என் கணக்கில் முதலிடம் கல்லாப்பெட்டி போனுக்கு. பணம் வந்ததைப் பார்ப்பதற்காகக் கடையில் ஒரு பழைய போனை வைத்து, இருபத்துநாலு மணி நேரமும் சார்ஜரிலேயே சொருகி வைத்திருப்பார்கள். எப்போதும் 100 சதவீதத்தில் நிற்பது பேட்டரிக்கு ஓயாத உளைச்சல். பக்கத்தில் டீ பாய்லர் இருந்தால் கேட்கவே வேண்டாம். அடுத்தது, பைக் ஹேண்டிலில் போனை மாட்டி, மேப் ஓட, சார்ஜும் ஏற, கத்திரி வெயிலில் டெலிவரிக்கு ஓடும் தம்பிகள். ஐபோனை 35 டிகிரி வரைக்கும் உள்ள இடத்தில்தான் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம் ஊரில் மே மாதம் நிழலிலேயே 40 தாண்டும். மூன்றாவது, மெத்தையில் கவிழ்த்துப் போட்டுச் சார்ஜ் ஏற ஏற கேம் ஆடும் பிள்ளைகள். நாலாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை: பீரோவில் இரண்டு வருஷம் தூங்கின பழைய போன். சார்ஜ் அடியோடு வற்றிப்போனால் பேட்டரி உள்ளுக்குள் கெட்டுவிடும். அதில் இருக்கும் பழைய போட்டோக்களை எடுக்க வேண்டும் என்று அதைத் திடீரென்று சார்ஜில் போடுவார்கள். எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றுங்கள்.

இந்தப் பட்டியலில் ராத்திரி முழுக்க சார்ஜ் போடுவது ஏன் இல்லை என்று கேட்பீர்கள். போன் நிறைந்ததும் உள்ளே இருக்கும் ஐசி என்ற சிப் தானாகச் சார்ஜை நிறுத்திவிடும். சிக்கல் நேரத்தில் இல்லை, இடத்தில். மேஜை மேல் கிடந்தால் அதுபாட்டுக்கு இருக்கும். தலையணைக்கு அடியில் கிடந்தால் சூடு வெளியே போகாது. 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி 2023-ல் வந்த ஐபோன் 15 முதல் இருக்கிறது, ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் உண்டு. கல்லாப்பெட்டி போனுக்கு அதைக் கட்டாயம் போட்டுவிடுங்கள்.

"முழுசா இறக்கிட்டுத்தான் ஏத்தணும்" என்பது நிக்கல் கேட்மியம் காலத்துப் பேச்சு. அந்தப் பேட்டரியும் போய்விட்டது, பேச்சு மட்டும் நிற்கிறது. உப்பின போனை ஃப்ரிட்ஜில் வைத்தால் வற்றிவிடும் என்று யாரோ வீடியோ போட்டிருக்கிறார்கள். நம்பி வைத்த ஒருவர் உப்பின பேட்டரியோடு, ஈரம் கோத்த போர்டையும் சேர்த்துக் கொண்டுவந்தார். நனைந்த போனை அரிசிக்குள் புதைக்காதீர்கள் என்று 2024-ல் ஆப்பிளே சொல்லிவிட்டது. அதைச் சொன்னால் நம் ஆட்கள் "நாங்க பொன்னியில இல்ல, ரேஷன் அரிசியிலதான் வச்சோம்" என்கிறார்கள்.

சார்ஜர் விஷயத்தில் என்னிடம் கண்டிப்பு உண்டு. 120 வாட் சார்ஜரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். போனும் சார்ஜரும் பேசிக்கொண்டு, தாங்குகிற அளவுக்குத்தான் கரண்டை இழுக்கும். பயப்பட வேண்டியது பஸ் ஸ்டாண்டில் நூறு ரூபாய்க்குத் தொங்கும் பெயரில்லாத சார்ஜருக்கு. இந்தியாவில் விற்கும் மொபைல் சார்ஜருக்கும் பவர் பேங்குக்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். ஆர் என்ற எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கம் கொண்ட எண் ஒன்று மேலே அச்சிட்டிருக்கும். பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வரும். ஒரு பிரபல பெயர் ஒட்டின சார்ஜரின் எண்ணைப் போட்டபோது எல்இடி பல்புக் கம்பெனி வந்த கதையும் என் கடையில் நடந்திருக்கிறது.

மாற்றும் பேட்டரியிலும் ஏமாற்று நிறைய. பழையதின் கொள்ளளவு 4000 எம்ஏஹெச், புதிதும் அதே நீளம், அதே அகலம், அதே தடிமன், ஆனால் மேலே 6000 என்று அச்சு. அது ஸ்டிக்கர் அச்சடித்தவனின் தாராள மனசு. வாரண்டி இருக்கும் போன் என்றால் நேராகக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள் என்று நானே அனுப்பிவிடுவேன். எனக்குப் போகிற காசுதான், பரவாயில்லை.

திருச்சியில் இருப்பதால் சிங்கப்பூர், துபாய் கிளம்புகிறவர்கள் பவர் பேங்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 20000 எம்ஏஹெச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், 74 வாட் அவர். பொதுவாக 100 வாட் அவர் வரை கைப்பையில் எடுத்துப்போகலாம், செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட் விமான நிறுவனமும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே தடை போட்டிருக்கின்றன. அளவு சரியாக இருந்தாலும், லேசாக உப்பியிருந்தால் அதை வீட்டுக்குத் திருப்பி அனுப்பாமல் கடையிலேயே வாங்கி வைத்துக்கொள்வேன். சண்டை போட்டவர்களும் உண்டு.

உப்பினது தெரிந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சார்ஜரைப் பிடுங்குங்கள், போனை அணையுங்கள். அழுத்தாமல், வளைக்காமல், துணிமணி இல்லாத இடத்தில் தரை டைல்ஸ் மேலோ எவர்சில்வர் தட்டிலோ வையுங்கள். டப்பாவில் போட்டு இறுக்கி மூட வேண்டாம். கடைக்குக் கொண்டுவரும்போது பேன்ட் பாக்கெட்டும் வேண்டாம், வெயிலில் நிற்கும் வண்டியின் சீட்டுப் பெட்டியும் வேண்டாம். புகை கிளம்பிவிட்டால் கையால் தூக்கி வெளியே எறியப் பார்க்காதீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டு, ஆட்களை வெளியே அனுப்பி, தள்ளி நின்று தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். தண்ணீர் பட்டால் லித்தியம் வெடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது உலோக லித்தியத்தைப் பற்றி. இங்கே தண்ணீரின் வேலை சூட்டைத் தணிப்பது. தீ பரவினால் நிற்காதீர்கள், 101 கூப்பிடுங்கள்.

அக்காவின் போனுக்கு அன்றைக்கே பேட்டரி மாற்றினேன். பழையதை வெளியே எடுத்துக் காட்டியபோது குட்டித் தலையணை மாதிரி இருந்தது. காசைக் கொடுத்துவிட்டு, "அந்தப் பழசையும் குடுத்துரு தம்பி, பழைய இரும்புக்காரன்கிட்ட போடுவேன்" என்றார்.

ஆரம்ப நாட்களில் நானும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பவர்களுடையது என்று 2022-ல் பேட்டரிக் கழிவு விதிகள் வந்திருக்கின்றன. குப்பை லாரியில் போய் நசுங்கினால் அங்கேயும் எரியும். அதனால் முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட பெயின்ட் டப்பாவில் சேர்த்து வைத்து, மின்கழிவு எடுக்கும் வண்டி வரும்போது மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன். அந்த டப்பாவை அக்காவிடம் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனையுமா?" என்றார். அப்புறம் ரப்பர் பேண்ட் இரண்டையும் மறக்காமல் எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். பூப்பொட்டலத்துக்கு ஆகுமாம்.