பொனட்டுக்குள் கூம்பு பில்ற்றர் மாட்டினால் குளிர்காற்று வராது

கம்பனி பூட்டிவிட்ட எயார் கிளீனர் பெட்டியைக் கழற்றிவிட்டு, குழாய் நுனியில் சிவப்புக் கூம்பு பில்ற்றர் ஒன்றை மாட்டிய கெப்கள் பல எங்கள் திருகோணமலை வீதிகளில் ஓடுகின்றன. உறிஞ்சும் சத்தம் கூடுவதால் இழுவையும் கூடியதுபோல் தோன்றும். ஆனால் அந்தக் கூம்பு உட்கார்ந்திருப்பது ரேடியேற்றர் விசிறி தள்ளும் சூட்டுக்கும், எஞ்சின் புகையை வெளியே விடும் எக்சோஸ்ட் மனிபோல்டுக்கும் பக்கத்தில். கச்சான் வீசும் நாட்களில் வெளியே 35 பாகை என்றால் அங்கே 65 பாகைகூட வரும். காற்று 3 பாகை சூடேறினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 1 வீதம் குறையும். 30 பாகை வித்தியாசத்தில் 9 வீதக் காற்றை இழக்கிறோம். காசு கொடுத்து வாங்கியது சுடுகாற்று.

எதையும் வெட்டுமுன் அளந்து பாருங்கள். கம்பி நுனியில் உணரி உள்ள சிறிய டிஜிற்றல் வெப்பமானி போதும். நுனியை எயார் கிளீனர் பெட்டிக்குள், பில்ற்றருக்கு முன்னால், ரேப் போட்டு ஒட்டுங்கள். கம்பியை உள்ளே இழுத்து, மத்தியான வெயிலில் கண்டி வீதியால் கந்தளாய்ப் பக்கம் 60 கிலோமீற்றர் வேகத்தில் இருபது நிமிடம் ஓடுங்கள். நெரிசலில் நிற்கும்போது வரும் அளவைக் கணக்கில் எடுக்க வேண்டாம், நின்றால் எந்த வாகனத்திலும் சூடேறும். ஓட்டத்தில் வெளிச்சூட்டைவிட 8 பாகைக்குள் இருந்தால் கம்பனிக் குழாயே ஒழுங்காக வேலை செய்கிறது. புதிய கெப்கள் பலவற்றில் அது ஏற்கனவே மட்கார்ட்டுக்குள்ளிருந்தோ ரேடியேற்றருக்கு முன்னாலிருந்தோதான் காற்றை எடுக்கிறது. அப்படியானால் புதுக் கடதாசி பில்ற்றர் ஒன்றை வாங்கிப் போடுங்கள், அத்தோடு வேலை முடிந்தது.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். பழைய டீசல் எஞ்சினில் பம்ப் அனுப்பும் டீசலின் அளவு காற்றைப் பார்த்து மாறுவதில்லை. குளிர்ந்த காற்று கிடைத்தால் டீசல் இன்னும் நன்றாக எரியும், ஏற்றத்தில் கரும்புகை குறையும், புகைப் பரிசோதனைக்கும் நல்லது. குதிரைவலு பெரிதாக அதிகரிக்காது. காற்றை அமுக்கி அனுப்பும் டர்போவும் அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் உள்ள வண்டியில் மாற்றம் அதைவிடச் சிறிது.

அளந்தபின் 15, 20 பாகை வித்தியாசம் தெரிந்தால் செய்வதில் அர்த்தம் இருக்கிறது. அப்போதும் பெட்டியையும் பில்ற்றரையும் தொடாதீர்கள். பெட்டியின் வாய்க்குக் குளிர்காற்றைக் கொண்டுவரும் குழாயை மட்டும் செய்யுங்கள். 2.8 லீற்றர் டர்போ இல்லாத டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஏறத்தாழ 4,700 லீற்றர் காற்றை இழுக்கும். அதற்கு 75 மில்லிமீற்றர் பீவீசி குழாய் போதும். டர்போ இருந்தால் 110. எதுவானாலும் உள்விட்டம் பெட்டியின் வாயைவிடக் குறையக்கூடாது. ஒரு மீற்றர் குழாய், 45 பாகை வளைவு இரண்டு, இறப்பர் இணைப்பு ஒன்று, ஸ்டெயின்லஸ் கிளிப் நான்கு, 5 மில்லிமீற்றர் கண்ணுள்ள ஸ்டெயின்லஸ் வலைத்துண்டு, 1.5 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு: சாமான் இவ்வளவுதான். 90 பாகை முழங்கை போடாதீர்கள், காற்று அதில் முட்டித் திணறும். பெட்டியும் குழாயும் பொடியில் பூட்டப்படுவதால் எஞ்சின் ஆட்டம் குழாயை உடைக்காது. எஞ்சினில் ஒரு முனை, பொடியில் மறு முனை என்று விறைப்பான குழாயை இழுத்துக் கட்டினால் அது வெடிக்கும்.

பீவீசி 60 பாகைக்கு மேல் இளகத் தொடங்கும். அதனால் எக்சோஸ்ட் பக்கம் அலுமினியத் தகட்டை மறைப்பாக நிறுத்தி, குழாய்க்கும் தகட்டுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பில்ற்றருக்குப் பின்னால், எஞ்சினுக்குப் போகும் பக்கத்தில், பீவீசியையும் பசையையும் திருகாணியையும் பாவிக்கவே வேண்டாம். உதிரும் ஒரு பசைத் துணுக்கு, நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போச் சில்லின் இதழை நசுக்கிவிடும். பொடித் தகட்டில் துளை வெட்டினால் அன்றைக்கே விளிம்பை அராவி, சிங்க் பிரைமர் அடித்து, பெயின்ற் பூசி, இறப்பர் விளிம்பு போடுங்கள். உப்புக்காற்றில் வெறும் இரும்பு வெகுநாள் தாங்காது. மலிவான வெள்ளைப் பூச்சுக் கிளிப்பும் அப்படித்தான்.

எங்களுக்குப் பெரிய கவலை தண்ணீர். கூடுதல் குளிர் வேண்டும் என்று வாயைப் பம்பருக்குக் கீழே இறக்குகிறார்கள். மாரியில் வெருகல் பக்கமோ மூதூர் பக்கமோ வீதியில் வெள்ளம் ஏறும்போது, வாகனம் தள்ளும் அலை நிற்கும் தண்ணீர் மட்டத்தைவிட உயர்ந்து முன்பக்கம் மோதும். மேலே சொன்ன 2.8 லீற்றர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் 695 கனசென்ரிமீற்றர் அளவு. அமுக்க விகிதம் 22க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 33 கனசென்ரிமீற்றர் மட்டும். இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடிய தண்ணீர் அதை நிரப்பிவிடும். காற்றைப்போல் தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட் வளையும். வளைந்த ரொட்டோடு வண்டி சில காலம் ஓடக்கூடும், பிறகு ஒருநாள் எஞ்சின் புளொக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஆகவே புதுக் குழாயின் வாய் கம்பனிக் குழாயின் வாயைவிடத் தாழக்கூடாது. ஹெட்லைற்றின் மேல்விளிம்பு மட்டத்தில், மட்கார்ட்டுக்குள் பக்கவாட்டாகப் பார்த்தபடி, வலையோடு நிற்கட்டும். குழாயின் ஆகத் தாழ்ந்த இடத்தில் 6 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டால் மழைத்தண்ணீர் வடியும். பெட்டியின் அடியில் உள்ள சின்ன இறப்பர் வடிகாலும் அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் அடிக்காதீர்கள். தள்ளியும் பார்க்காதீர்கள். கட்டி இழுத்து வந்து பில்ற்றரைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால், ஸ்டார்ட்டுக்கு சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி, தண்ணீர் முழுவதும் வெளியேறியபின்தான் மற்றது.

காற்றளவு சென்சர் உள்ள கெப்பில் அது நிற்கும் குழாயை மாற்றவே கூடாது. 76 மில்லிமீற்றருக்குப் பதில் 80 போட்டால் பரப்பு 11 வீதம் கூடும், எஞ்சின் கம்பியூட்டர் காற்றைக் குறைத்துக் கணக்கிடும். எண்ணெய் தடவிய பில்ற்றரில் எண்ணெய் மிஞ்சினால் சென்சரின் மெல்லிய தகட்டில் படிந்து அதே கோளாறைத் தரும்.

வேலை முடிந்ததும் பில்ற்றருக்குப் பின்னால் குழாயின் உட்சுவரில் விரலால் மெல்லிதாகக் கிறீஸ் தடவி மூடுங்கள். நிலாவெளி மணலிலும் உள்ளூர்க் கிரவல் பாதையிலும் 500 கிலோமீற்றர் ஓடியபின் திறந்து வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கிறீஸ் நிறம் மட்டும் வந்தால் சரி. நறநறவென்று மண் பிடிபட்டால் பில்ற்றர் விளிம்பிலோ பெட்டி மூடியிலோ ஒழுக்கு இருக்கிறது. அந்த மண் பிஸ்டன் ரிங்கைத் தேய்க்குமுன் கொக்கிகளையும் இறப்பர் விளிம்பையும் சரிபார்த்து, கிறீஸைப் புதிதாகத் தடவி இன்னொரு 500 ஓடிப் பாருங்கள்.