பார்த்தும் காணாத கண்

திருநெல்வேலியிலிருந்து போகும் சேரன்மகாதேவி சாலையில், பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், வயல்களுக்கு நடுவிலிருந்து ஒரு சிறிய சாலை வந்து சேர்கிறது. காலை ஏழு மணி இருக்கும். அந்தச் சாலையிலிருந்து காரை மெல்ல உருட்டிக்கொண்டு வந்தேன். வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன், மறுபடியும் வலப்பக்கம் ஒரு பார்வை. பெரிய சாலை காலியாக இருந்தது. ஏறினேன். அடுத்த கணம் டயர் தேயும் சத்தம். என் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு டி.வி.எஸ். 50 நின்றுகொண்டிருந்தது. பின்னால் இரண்டு பெரிய வாழையிலைக் கட்டுகள். டவுன் மார்க்கெட்டுக்குப் போகிற இலை. ஓட்டி வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காலை வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. நடுவில் மறைக்க ஒரு மரம்கூடக் கிடையாது.

அவர் திட்டவில்லை. கை நடுங்கியபடியே, “அண்ணாச்சி, என் முகத்தை நேராகப் பார்த்தீர்களே! பார்த்துவிட்டுத்தானே ஏறினீர்கள்?” என்று கேட்டார்.

பார்த்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. என் கண் அவர் இருந்த பக்கம் திரும்பியிருக்கிறது. ஆனாலும் அவரை நான் காணவில்லை. ‘பார்’ என்றும் ‘காண்’ என்றும் தமிழில் இரண்டு வினைகள் இருப்பதன் அருமை அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பார்ப்பது கண்ணின் வேலை. காண்பதை மூளை செய்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு பைக் முழுதாகத் தொலைந்துபோக இடம் இருக்கிறது.

உலகம் முழுக்க விபத்து ஆய்வாளர்கள் இதைத் தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையிலான குழு 1981-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு வேறொரு வாகனத்தோடு மோதியவை. அப்படி மோதியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, பைக்குக்கு வழிவிட வேண்டிய மற்ற வாகனம் வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நேர்ந்தவை. அந்த ஓட்டுநர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: பைக்கைக் காணவே இல்லை, அல்லது கண்டபோது நேரம் கடந்துவிட்டது. தப்பிப்பதற்காகச் சொல்கிற சாக்கு என்றுதான் நாம் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்தியாவில் 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். எல்லாமே காணாமல் மோதியதால் வந்த சாவுகள் அல்ல. வேகம், குடி, ஹெல்மெட் இல்லாத தலை என்று காரணங்கள் பல. ஆனால் கண்ணின் இந்தக் கோளாறு மட்டும் நல்ல ஓட்டுநரையும் விடுவதில்லை. அதனால்தான் இதை விளக்கமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் கண். கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பாருங்கள். அந்த நகம் மறைக்கிற அளவு, சுமார் 2 பாகை, அவ்வளவுதான் நம் கண் கூர்மையாகக் காணும் பரப்பு. விழித்திரையின் நடுவில் இருக்கும் சிறு குழியின் வேலை அது. அதற்கு வெளியே போகப் போக எல்லாம் மங்கல். உலகம் முழுவதும் தெளிவாகத் தெரிவதுபோல் நாம் உணர்வதற்குக் காரணம், கண் ஓயாமல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவிக்கொண்டே இருப்பது. நொடிக்கு மூன்று தாவல் சாதாரணம். தாவும் நேரத்தில் காட்சி கலங்கித் தெரிய வேண்டும், ஆனால் தெரிவதில்லை. மூளை அந்த நேரத்துக் காட்சியை அடக்கிவிடுகிறது.

நம்ப முடியவில்லை என்றால் கண்ணாடி முன் நின்று உங்கள் இடக் கண்ணைப் பாருங்கள், பிறகு வலக் கண்ணைப் பாருங்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். உங்கள் கண் அசைவதை ஒருமுறைகூட உங்களால் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். என் மகளை அருகில் நிறுத்தி இதைச் செய்து பார்த்தேன். “ஆடுகிறதே அப்பா, நன்றாக ஆடுகிறதே” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கண்கள்.

இப்போது அந்தச் சாலைச் சந்திப்புக்கு வருவோம். வலமிருந்து இடம் நான் பார்வையை வீசியபோது கண் வழவழவென்று வழுக்கிக்கொண்டு போகவில்லை. நாலைந்து இடத்தில் நின்று நின்று தாவியிருக்கிறது. நின்ற இடங்களை மட்டும் கூர்மையாக எடுத்துக்கொண்டது. இடைவெளிகளை மூளை ‘சாலைதான், வயல்தான்’ என்று நிரப்பிவிட்டது. பஸ் வந்தால் அந்த இடைவெளிக்குள் அடங்காது. வெறும் முக்கால் மீட்டர் அகலமுள்ள பைக் அடங்கிவிடும். தலையை எவ்வளவு வேகமாகத் திருப்புகிறோமோ அவ்வளவு பெரிய தாவல்கள், அவ்வளவு பெரிய இடைவெளிகள்.

அப்படியானால் ஓரப்பார்வை காப்பாற்றாதா? ஓரப்பார்வைக்குக் கூர்மை இல்லாவிட்டாலும் அசைவு தெரியும். பல நேரம் காப்பாற்றவும் செய்கிறது. ஆனால் சரியாக எந்த வண்டி நம்மீது மோதப்போகிறதோ அதை மட்டும் அது கோட்டைவிடும். உவரி, இடிந்தகரைப் பக்கம் கடலில் நடக்கும் கணக்கைப் பாருங்கள். எதிரே ஒரு படகு தெரிகிறது. அது நம் பார்வையில் முன்னாலோ பின்னாலோ நகர்ந்துகொண்டிருந்தால் விலகிப் போகும். இருந்த திசையிலேயே நின்று, பெரிதாகிக்கொண்டு மட்டும் வந்தால் மோதும். 1972-ல் வகுத்த பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. சாலையிலும் அதுவேதான். நான் ஒரே சீராக உருட்டிக்கொண்டு வருகிறேன், அவர் ஒரே சீராக வருகிறார், இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வந்து சேரப்போகிறோம் என்றால் என் காரின் முன்கண்ணாடியில் அவர் ஒரே புள்ளியில் நிற்பார். பக்கவாட்டு அசைவு துளியும் இருக்காது.

அந்தப் புள்ளி, காரின் கூரையைத் தாங்க முன்கண்ணாடியின் ஓரத்தில் நிற்கும் தூணுக்குப் பின்னால் விழுந்துவிட்டால் தீர்ந்தது கதை. நம் ஊர்க் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் வலத் தூண் முகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. வலப்பக்கமிருந்து வரும் வண்டிகள்தான் முதலில் நம்மை எட்டுபவை. கார் உருண்டால் கூரை நசுங்காமல் இருக்கத் தூணைத் தடிமனாகச் செய்கிறார்கள், அது தேவைதான். 10 செ.மீ. தடிமனுள்ள தூண் கண்ணிலிருந்து 70 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். இரண்டு கண்ணாலும் பார்த்தாலும், 30 மீட்டர் தொலைவில் ஒன்றரை மீட்டர் அகலத்தை அது மறைக்கிறது. நேராக வரும் பைக்கும் ஆளும் அதற்குள் தாராளமாக மறைந்துவிடலாம். காரும் பைக்கும் நகர நகர, மறைப்பும் கூடவே நகர்கிறது. கண்ணாடியில் தொங்கும் பொம்மையும் ஓரத்தில் ஒட்டிய ஸ்டிக்கரும் இந்த மறைப்பை இன்னும் அகலமாக்குகின்றன. என் காரில் தொங்கிய பிளாஸ்டிக் மாலையை அன்று மாலையே கழற்றிவிட்டேன்.

கண்ணில் பட்டபின்னும் ஆபத்து தீர்வதில்லை. வண்டி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை நாம் அது பெரிதாகும் வேகத்தை வைத்துத்தான் கணிக்கிறோம். 60 மீட்டர் தள்ளி வரும் பஸ் நம் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியும். அதே தொலைவில் பைக், நகத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே வேகத்தில் வந்தாலும், ‘இது பெரிதாகிறது’ என்ற உணர்வை பஸ் எழுப்பும் தொலைவில் பாதிக்கு வந்த பிறகுதான் பைக் அதே உணர்வை எழுப்பும். அதுவரை அது தூரத்தில் நிற்பதுபோலவே இருக்கும். பிறகு திடீரென்று விசுவரூபம் எடுக்கும். 60 கி.மீ. வேகத்தில் 60 மீட்டர் என்பது மூன்றரை நொடிதான். அந்த வேகத்தில் பிரேக் பிடித்து நிற்கவே ஏறக்குறைய 40 மீட்டர் வேண்டும். இரவில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு விளக்குள்ள வண்டி நெருங்க நெருங்க விளக்குகளுக்கு இடையிலுள்ள தூரம் விரியும்; ஒற்றை விளக்குக்கு விரிய ஒன்றுமில்லை.

இனி மூளையின் பங்கு. எனக்கு மிகவும் வியப்பளித்த பகுதி இதுதான். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சாலைக் காட்சிகளின் படங்களைக் காட்டி, அது பாதுகாப்பான சூழலா, ஆபத்தானதா என்று கேட்டார்கள். கடைசிப் படத்தில் எதிர்பாராத வாகனம் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். சிலருக்கு மோட்டார் சைக்கிள், சிலருக்கு டாக்சி. டாக்சியைக் கவனிக்காமல் விட்டவர்கள் 31 சதவீதம். மோட்டார் சைக்கிளை விட்டவர்கள் 65 சதவீதம். கண் முன்னால் இருக்கிறது, மறைப்பில்லை, அவசரமில்லை. மூளை அதை உள்ளே விடவில்லை.

மேலைநாடுகளில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு: அங்கே சாலையில் பைக் அபூர்வம், அதனால் ஓட்டுநர் அதை எதிர்பார்ப்பதில்லை. திருநெல்வேலியில் இந்த விளக்கம் அப்படியே பொருந்தாது. வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில் ஐந்து நிமிடம் நின்றால் காரைவிடப் பலமடங்கு இருசக்கர வாகனங்கள் கடந்துபோகும். என் எண்ணம் இது: நாம் சாலையில் தேடுவது நம்மைக் கொல்லக்கூடியதை. பஸ் வருகிறதா, மணல் லாரி வருகிறதா என்றுதான் காரோட்டியின் மனம் கேட்கிறது. பைக் அவனைக் கொல்லாது. அதனால் பட்டியலில் அது கீழே இறங்கிவிடுகிறது. இன்னொன்று, தேடும் திசை. நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் நான்குவழிச் சாலையில் ஏறும் ஓட்டுநர் வலப்பக்கம் மட்டுமே பார்ப்பார். நடுத்தடுப்பில் திறப்பு வெகுதூரத்தில் இருக்கிறது என்று ஊர்க்காரர் ஒருவர் ஓரமாக எதிர்த்திசையில் பைக்கை விட்டுக்கொண்டு இடப்பக்கமிருந்து வருவார். அவர் எவ்வளவு மெதுவாக வந்தாலும், அந்த ஓட்டுநரைப் பொறுத்தவரை அவர் அந்தச் சாலையிலேயே இல்லை.

கண்டதை மறப்பதும் உண்டு. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஓட்டுநர்களை, திரையில் சாலைக் காட்சி ஓடும் சிமுலேட்டர் காரில் உட்காரவைத்து, சாலைச் சந்திப்பில் ஏறச் சொல்லி, பாதியில் நிறுத்தி, எந்தெந்த வண்டிகள் வந்தன என்று கேட்டார்கள். 2019-ல் வந்த ஆய்வு இது. கண்ணின் அசைவைக் கருவி பதிவு செய்திருந்தது. பைக்கை நேராகப் பார்த்தவர்களில் சிலர்கூட அப்படி ஒன்று வரவே இல்லை என்றார்கள். வலப்பக்கம் கண்டதை, இடப்பக்கம் பார்த்து முடிப்பதற்குள் மூளை தொலைத்துவிடுகிறது. அந்த ஆய்வாளர்கள் சொன்ன வழி எளிமையானது: பைக்கைக் கண்டதும் அதை வாயால் சொல்லுங்கள். கண்ணால் கண்ட நினைவு அடுத்த காட்சியில் அழியும். சொல்லாகச் சொன்னது அப்படி அழியாது. நான் இப்போது “வலப்பக்கம் வண்டி” என்று சத்தமாகவே சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், பரவாயில்லை.

உடையும் விளக்கும் உதவுமா என்றால், உதவும். நியூசிலாந்தில் ஆக்லாந்து வட்டாரத்தில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், ஒளிரும் அல்லது ஒளி திருப்பும் உடை அணிந்தவர்களுக்கு விபத்தில் காயப்படும் ஆபத்து 37 சதவீதம் குறைவாக இருந்தது. கறுப்பு ஹெல்மெட்டைவிட வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்கு 24 சதவீதம் குறைவு. பகலிலும் முகப்பு விளக்கு எரிந்தால் 27 சதவீதம் குறைவு. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் வரும் புதிய இருசக்கர வாகனங்களில் என்ஜின் ஓடும்போது விளக்கு தானாக எரிவது இந்தக் காரணத்தால்தான். எதிரே வருபவர்கள் “லைட் எரிகிறது” என்று சைகை காட்டினால் புன்னகைத்துவிட்டுப் போங்கள்.

ஆனால் வெயிலுக்கு முன்னால் இவை எல்லாம் எடுபடாத நேரம் ஒன்று உண்டு. மாலை ஐந்தரை மணிக்கு அம்பாசமுத்திரம் சாலையில் மேற்கே காரோட்டிப் போயிருக்கிறீர்களா? பொதிகை மலைக்கு மேல் சூரியன் நேராகக் கண்ணில் குத்தும். முன்கண்ணாடியில் படிந்த புழுதி ஒவ்வொன்றும் ஒரு விளக்காகிவிடும். எதிரே வரும் பைக் அந்த வெளிச்சத்துக்குள் கரைந்திருக்கும். அதே நேரத்தில் அந்த பைக்கில் வருபவருக்குச் சூரியன் முதுகுப்பக்கம். சாலை, கார், உள்ளே இருக்கும் ஆளின் சட்டை நிறம்வரை எல்லாம் துல்லியமாகத் தெரியும். தனக்கு இவ்வளவு தெரிகிறதே, எதிராளிக்கும் தன்னைத் தெரியும் என்று மனம் இயல்பாக நம்பிவிடும். பைக்கில் வருபவர் தன் நிழல் தனக்கு முன்னால் நீண்டு விழுவதைக் கண்டால், எதிரே வருகிறவருக்குத் தான் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

கார் ஓட்டுகிறவர் செய்யக்கூடியது அதிகச் சிரமமில்லாதது. உருட்டிக்கொண்டே ஏறாமல் முழுதாக நிறுத்த வேண்டும். பார்வையை வீசாமல் தூரம், நடு, பக்கம் என்று மூன்று இடத்தில் ஊன்ற வேண்டும். உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத் தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மூன்று நொடி ஆகும். பைக்கில் வருபவர், சந்திப்பில் கார் நிற்பதைக் கண்டால், தன் தடத்துக்குள்ளேயே சற்று இடமும் வலமும் வளைந்து வரலாம். ஒரே புள்ளியில் நின்ற உருவம் அசைந்துவிடும். ஓரப்பார்வைக்கு அது போதும்.

அன்று அந்தப் பெரியவரோடு சாலையோரம் பத்து நிமிடம் நின்றேன். ஒரு கட்டு இலை சரிந்து கீழே விழுந்திருந்தது. கிழியாத இலைகளைப் பொறுக்கி இருவரும் சேர்த்துக் கட்டினோம். கிழிந்ததற்குப் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. வண்டியைக் கிளப்பும்போது சொன்னார்: “கார்க்காரர் முகத்தை நான் பார்க்கவே மாட்டேன் அண்ணாச்சி. முன்சக்கரத்தைத்தான் பார்ப்பேன். முகம் எங்கே பார்க்கிறது என்பதில் என்ன இருக்கிறது? சக்கரம் உருளுகிறதா என்று பார்த்தால் போதும். இன்றைக்கு நீங்கள் திரும்பிப் பார்த்ததும், நானும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டேன்.”