பொதுப் பாதுகாப்பு வயர்லெஸ் வலையமைப்பு மேம்பாடு: மாறுவது கருவி மட்டுமல்ல

காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், பேரிடர் மீட்பு ஆகிய சேவைகளின் பணியாளர்கள் களத்தில் பேசிக்கொள்ள உதவும் வயர்லெஸ் கருவிகள், அவற்றின் ஒலியை நெடுந்தூரம் கடத்தும் ரிப்பீட்டர் கோபுரங்கள், கட்டுப்பாட்டு அறைகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பொதுப் பாதுகாப்பு வயர்லெஸ் வலையமைப்பு. ஒரு வட்டாரத்தில் இதை மேம்படுத்தும் திட்டம் அறிவிக்கப்படும்போது, பணியாளர் கையில் உள்ள வாக்கி டாக்கி மட்டுமே மாறப்போவதாகப் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் யார் யாருடன் பேசலாம், எந்த இடத்திலிருந்து பேசலாம் என்ற இரண்டையும் அத்திட்டமே பல்லாண்டுகளுக்குத் தீர்மானித்துவிடுகிறது.

பழைய அனலாக் முறையில் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி அலைவரிசை ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரு துறையின் அலைவரிசை நெரிசலால் திணறும்போது மற்றொன்றினுடையது ஓய்ந்து கிடக்கும். இரு துறையினரும் ஒரே விபத்து இடத்தில் நின்றாலும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில், கட்டடத்தின் நிலை குறித்துக் காவல்துறை ஹெலிகாப்டரிலிருந்து விடுக்கப்பட்ட எச்சரிக்கை, உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களை அதே வழியில் எட்டவில்லை. அவர்களின் வயர்லெஸ் அமைப்பு வேறு.

இதற்கு விடையாக வந்ததே டிரங்கிங் முறை. எல்லாத் துறைகளின் அலைவரிசைகளும் ஒரு பொதுத் தொகுப்பாக்கப்பட்டு, பணியாளர் பேசுவதற்கான பொத்தானை அழுத்தும் கணத்தில் காலியாக உள்ள ஒன்றை வலையமைப்பே அவருடைய பேச்சுக் குழுவுக்கு, அதாவது ஒன்றாகப் பேசிக்கொள்ளும் கருவிகளின் தொகுதிக்கு, ஒதுக்குகிறது. இவ்வகை டிஜிட்டல் வயர்லெஸ் தரங்களில், ஐரோப்பாவில் உருவான டெட்ரா 25 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் நான்கு உரையாடல்களையும், அமெரிக்காவில் உருவான பி25 தரத்தின் இரண்டாம் கட்டம் 12.5 கிலோஹெர்ட்ஸில் இரண்டையும் சுமக்கின்றன. பெரு விபத்தின்போது துறைகள் அனைத்தையும் ஒரே குழுவில் இணைக்க முடியும். ஆனால் எந்தக் குழுவை யார் எப்போது இணைப்பது என்ற உடன்பாட்டைத் துறைகளே முன்கூட்டி எழுதி, பயிற்சியும் செய்திருக்க வேண்டும். கருவி அதைச் செய்து தராது.

மிகக் கூர்ந்து பார்க்க வேண்டியது சேவைப் பரப்பு, அதாவது கருவியில் பேசவும் கேட்கவும் முடிகிற இடங்களின் அளவு. அனலாக் ஒலி எல்லையை நெருங்கும்போது இரைச்சல் கூடி மெல்ல மங்கும். கேட்பவர் அந்த இரைச்சலையே எச்சரிக்கையாகக் கொண்டு இடம் மாறிக்கொள்வார். டிஜிட்டல் ஒலி ஓரளவுவரை தெளிவாகவே இருந்து, பிறகு சட்டென்று அறுந்துவிடும். 2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில் குண்டுவெடிப்பின்போது மீட்புப் பணியினர் பலரின் வயர்லெஸ் கருவிகள் நிலத்தடியில் இயங்கவில்லை. ஆகவே "95 விழுக்காடு சேவைப் பரப்பு" என ஓர் ஒப்பந்தம் கூறினால், அது வாகனக் கூரையில் பொருத்திய ஆன்டெனாவுக்கா, கட்டடத்தின் உள்ளே இடுப்பில் செருகிய கைக்கருவிக்கா என்பதை அவசியம் கேட்க வேண்டும். இரண்டுக்கும் தேவைப்படும் கோபுர எண்ணிக்கையில் பெரும் வேறுபாடு உண்டு. வட்டாரத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பேசிக் கேட்டுச் சோதித்த பிறகே வலையமைப்பை ஏற்றுக்கொள்வது முறை. கணினி வரைந்த வரைபடம் இச்சோதனைக்கு ஈடாகாது.

கோபுரத் தொடர்பு அற்றுப்போனாலும் அருகிலுள்ள கருவிகள் தமக்குள் நேரடியாகப் பேசும் வசதியைக் கைவிடக் கூடாது. கோபுரங்களுக்கு மின்கலமும் ஜெனரேட்டரும் வேண்டும். பேச்சைப் பிறர் ஒட்டுக்கேட்காதபடி மறைக்கும் குறியாக்கத்தின் வலிமையும் முக்கியம்: டெட்ராவின் டிஇஏ1 முறையில் 80 பிட் சாவி நடைமுறையில் எளிதில் உடைக்கக்கூடிய 32 பிட்டாகச் சுருங்குவதை 2023இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர்.

கைப்பேசித் தொழில்நுட்பமே போதாதா என்று கேட்பதில் நியாயம் உண்டு. அமெரிக்கா 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஃபர்ஸ்ட்நெட் என்னும், அவசர சேவைகளுக்கான தனி அகலப்பட்டை (பிராட்பேண்ட்) கைப்பேசி வலையமைப்புக்கு வழி செய்தது. படமும் வரைபடமும் அனுப்ப அது பேருதவி. எனினும் அங்கு பல துறைகள் அவசரப் பேச்சுக்கு வயர்லெஸ் கருவிகளையே தொடர்ந்து வைத்திருக்கின்றன.

செலவைக் கணக்கிடும்போது கொள்முதல் விலையோடு கோபுர வாடகை, மென்பொருள் புதுப்பிப்பு, மின்கல மாற்று, பயிற்சி ஆகிய ஆண்டுச் செலவுகளையும் சேர்க்க வேண்டும். இல்லையெனில் சிறிய தீயணைப்பு நிலையங்களே முதலில் திணறும். மாற்றக் காலத்தில் பழைய வலையமைப்பும் புதியதும் சில காலம் அருகருகே இயங்க வேண்டும். கடைசி நிலையமும் மாறி, கட்டடங்களுக்குள்ளான சோதனையும் முடிந்த பின்னரே பழைய ரிப்பீட்டர்களை நிறுத்தலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.