தோள் வலிக்குக் காரணம் ஷூ: நாள் முழுக்க மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர்களுக்கு

போன வருடம் பங்குனி மாதம் ஒருவர் வலது தோள் வலி என்று காரைக்குடியில் உள்ள என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தார். வயது 45 இருக்கும். குடிநீர்க் குழாய் வேலை எடுத்துச் செய்யும் ஒரு குழுவில் இருக்கிறார். ரோட்டு மேல் ரோடு போட்டு மண்ணுக்குள் மறைந்துபோன பழைய வால்வு மூடிகளையும் இரும்புக் குழாய்களையும் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடிக் கண்டுபிடிப்பது அவருடைய வேலை. கையைத் தூக்க முடியவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. வழக்கமாகக் கொடுக்கிற பயிற்சிகளைக் கொடுத்தேன், ஒரு வாரம் ஆகியும் குறைந்தபாடில்லை. "அண்ணே, நாளைக்கு வரும்போது அந்த மிசினையும் எடுத்துட்டு வாங்க, எப்படிப் பிடிக்கிறீங்கன்னு பாத்துருவோம்" என்றேன்.

மறுநாள் கிளினிக் வாசலிலேயே நடந்து காட்டினார். அந்தக் கருவியை முழங்கை உடம்பை ஒட்டி இருக்கிற மாதிரி, தோள் தளர்வாக இருக்கப் பிடித்து, தரையை ஒட்டி இப்படியும் அப்படியும் வீச வேண்டும். இவர் கையை விறைப்பாக நீட்டி, தன் காலிலிருந்து முடிந்தவரை தள்ளி வீசிக்கொண்டிருந்தார். ஒன்றரைக் கிலோ எடையை அப்படி எட்டு மணி நேரம் நீட்டிப் பிடித்தால் எந்தத் தோளும் தாங்காது. ஏன் இவ்வளவு தள்ளிப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கிட்ட வந்தா கத்துது சார்."

கருவியின் வட்டத் தட்டை அவருடைய ஷூவின் முனைக்குக் கொண்டுபோனேன். கத்தியது. ஒப்பந்தக்காரர் கொடுத்த சேஃப்டி ஷூ அது, விரல்களைக் காக்க முனையில் இரும்புத் தொப்பி வைத்தது. ஒவ்வொரு அடிக்கும் கருவி அவர் காலையே கண்டுபிடித்துக் கொண்டிருந்திருக்கிறது. அதைத் தவிர்க்கத்தான் மனிதர் எட்டு மாதமாகக் கையை நீட்டியே வேலை பார்த்திருக்கிறார். சரி, ஷூவைக் கழற்றுங்கள் என்றேன். இடது சுண்டுவிரலில் ஆணி, இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துப்போய், குதிகாலை அழுத்தினால் துடிக்கிறார். தோளுக்கு வந்தவருக்குக் காலில்தான் அத்தனையும் இருந்தது. கேட்டால்தான் சொல்கிறார், காலையில் எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது குதிகாலில் உயிர் போகும் என்று.

அதற்குப் பிறகு இந்த வேலையில் இருக்கிற இன்னும் சிலரைப் பார்த்தேன். நிலம் அளக்கப் போகிறவர்கள், கேபிள் தேடுகிறவர்கள், திருவிழாப் பாதுகாப்பில் கருவியோடு நாள் முழுக்க நிற்கிறவர்கள். எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். (மெட்டல் டிடெக்டர் என்றதும் நம் பக்கத்தில் பழைய வீடு, புதையல் என்று பேச்சு வந்துவிடும். 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த ஆசையில் யாரும் கிளம்ப வேண்டாம்.)

அப்படியானால் இரும்புத் தொப்பி வேண்டாம், சாதாரண ஷூ போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரில் தோண்டுவது மண்வெட்டியால். ஓங்கி வெட்டித் தன் பக்கமாக இழுக்கிறோம், அதாவது வெட்டு வாய் நம் காலை நோக்கித்தான் வருகிறது. கடப்பாரையும் அப்படித்தான், செம்புறாங்கல்லில் பட்டுச் சறுக்கினால் நேராகக் கால் மேல்தான். அதனால் விரலுக்குக் காப்பு கட்டாயம் வேண்டும், ஆனால் உலோகமாக இருக்கக் கூடாது. 'காம்போசிட் டோ' என்று கேளுங்கள், கெட்டியான பிளாஸ்டிக்கோ நார் கலந்த பொருளோ கொண்டு செய்த தொப்பி. ஐ.எஸ். 15298 பகுதி 2 என்று அச்சிட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வரும் சேஃப்டி ஷூவின் முனை 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேர்வில் தேறிய காம்போசிட் தொப்பிகள் கடையில் கிடைக்கின்றன, இரும்பைவிட எடையும் குறைவு.

ஷூவில் உலோகம் முனையில் மட்டும் இருப்பதில்லை. முள் குத்தாமல் இருக்க நடுவில் வைக்கும் தகடு, பாதத்தின் வளைவுக்கடியில் வைக்கும் பட்டை, கயிறு கோக்கும் வளையம் என்று எங்கும் இருக்கலாம். காந்தம் வைத்துப் பார்த்தால் இரும்பு மட்டும்தான் ஒட்டும், அலுமினியம் தப்பிவிடும். கருவியையே கடைக்குக் கொண்டுபோய் ஷூவைத் தரையில் வைத்து மேலே ஒரு வீச்சு வீசிப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

இனி முள். சீமைக் கருவேல முள்ளைப் பற்றி நம் பக்கத்து ஆளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய்க் கரையில், பொட்டலில், ரோட்டோரத்தில் எங்கே கால் வைத்தாலும் அதுதான். ஹவாய் செருப்பையும், ஓடுவதற்கென்று விற்கிற மெத்தென்ற ஷூவையும் அது வெண்ணெயில் ஊசி இறங்குகிற மாதிரி துளைத்துவிடும். முனை உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டால் தொந்தரவு பெரிது. எக்ஸ்ரேயில் முள் தெரியாது, பெரும்பாலும் ஸ்கேனில்தான் தெரியும். மேலே ஆறிவிட்டது என்று விட்டுவிட்டு மூன்று மாதம் நொண்டிய ஒருவரைப் பார்த்திருக்கிறேன். முள் குத்தினால், கடைசியாக டி.டி. ஊசி எப்போது போட்டீர்கள் என்று டாக்டரிடம் சொல்லி, மறுபடி போட வேண்டுமா என்று கேளுங்கள். ஷூவில் இரும்புத் தகட்டுக்குப் பதிலாக அராமிட் என்ற நார்த்துணி அடுக்கு வைத்தது வாங்குங்கள். ஊசி மாதிரி மெல்லிய முனைக்கு இரும்பு அளவுக்குத் தாங்காது என்றாலும் வெறும் சோலைவிட எவ்வளவோ மேல், கருவியும் கத்தாது.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், காலில் உணர்ச்சி குறைந்து முள் குத்துவதே தெரியாமல் போகலாம். எம்.சி.ஆர். செருப்பு என்று எல்லாக் கடையிலும் இருக்கிறதே, அந்த மென்மையான ரப்பர் காலணியை உணர்ச்சி இழந்த கால்களுக்காகப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர், வேலூரில் தொழுநோயாளிகளுக்காக உழைத்த மருத்துவர். நல்ல செருப்புதான், வீட்டுக்கும் தெருவுக்கும் போடுங்கள். அதையே போட்டுக்கொண்டு கண்மாய்க்குள் இறங்காதீர்கள். ஒரு பெரியவர் அப்படித்தான் இறங்கினார், சாயங்காலம் வீட்டில் கால் கழுவும்போது மருமகள் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் முள் ஏறியதே அவருக்குத் தெரிந்தது. உணர்ச்சி இருக்கிறதா என்று 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற ஒரு சோதனை இருக்கிறது, ஐந்து நிமிடம் ஆகாது. வெளி வேலைக்குப் போகிற சர்க்கரைக்காரர்கள் வருடம் ஒருமுறையாவது செய்துகொள்ளுங்கள். ஷூ போடுமுன் உள்ளே கையை விட்டுப் பார்ப்பதும், கழற்றியபின் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்ப்பதும் தினமும் நடக்க வேண்டும்.

அளவு விஷயத்தில்தான் நான் அதிகம் பிடிவாதம் பிடிப்பேன். கல்யாணத்துக்கு எட்டு நம்பர் வாங்கினேன், இன்றைக்கும் எட்டுதான் என்பார்கள். வயது ஏற ஏற, எடை கூடக் கூடப் பாதம் நீண்டு அகலமாகும். நடக்க நடக்கச் சாயங்காலத்துக்குள் வீங்கவும் செய்யும். அதனால் ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள், வேலைக்குப் போடும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு. எழுந்து நின்று இரண்டு காலையும் போட்டுப் பார்த்து, பெரிய காலுக்கு எது சரியோ அதை வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் வேண்டும், தொப்பி வைத்த ஷூ நெகிழ்ந்து கொடுக்காது என்பதால் அங்கே தயவு காட்டாதீர்கள். அப்புறம், கடையிலேயே குத்த வைத்து உட்கார்ந்து பாருங்கள். கருவி கத்தினால் குத்த வைத்துத்தானே மண்ணைக் கிளறுகிறோம்? ஒரு நாளைக்கு நூறு தடவை உட்கார்ந்து எழுகிறவருக்கு ஷூ விரல்கள் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும். நடுப்பாதத்தில் மடங்கினால் குதிகால் வலி வரும், மடங்கவே இல்லையென்றால் விளிம்பு கணுக்காலை அறுக்கும். அந்த மடிப்பில்தான் தோலும் முதலில் வெடிக்கும், முனையில் ரப்பர் சுற்றி ஏறியிருக்கிற ஷூ கூடுதல் நாள் வரும்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று ஷூவைக் கெடுக்கிறது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், திண்ணையில் ஏறினாலும் கழற்றிப் போட வேண்டும். நல்ல பழக்கம், மாற்றச் சொல்லவில்லை. ஆனால் கயிறு அவிழ்க்கச் சோம்பல்பட்டு ஷூவின் பின்பக்கத்தை மிதித்தபடி செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். பின்பக்கத்தின் கெட்டிப்பகுதிதான் குதிகாலை ஆடாமல் பிடித்திருக்கிறது, அது நசுங்கிவிட்டால் அந்த ஷூ செத்த மாதிரிதான். பக்கவாட்டில் ஜிப் வைத்தது இப்போது வருகிறது, பிளாஸ்டிக் ஜிப்பாகப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று: நாள் முழுக்க நடந்துவிட்டு வந்து வெறுங்காலோடு ஆத்தங்குடித் தரையிலோ கருங்கல்லிலோ நடந்தால் சில்லென்று சுகமாக இருக்கும், குதிகால் வலி உள்ளவர்களுக்கு அது மறுநாள் காலையில் வட்டியோடு திரும்பும். வீட்டுக்கென்று ஒரு மெத்தென்ற செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். "தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலோடே போறோம், இதென்ன" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அது வருடத்தில் சில நாள், மனசு தாங்குகிறது. இது வருடம் முழுக்க.

உழைக்கிற ஷூ எது? அடிப்பகுதி ரப்பராக இருந்தால் பிடிமானமும் ஆயுளும் கூடும். பி.யு. (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்) சோல் எடை குறைவு, ஆனால் வருடக்கணக்கில் போடாமல் அலமாரியில் வைத்தால் ஈரக்காற்றிலேயே உதிர்ந்துவிடும், ஆஃபரில் கிடைத்தது என்று இரண்டு மூன்று வாங்கி அடுக்காதீர்கள். ஒட்டு மட்டும் போட்ட சோலாக இருந்தால் வாங்கின அன்றே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றித் தையல் போடச் சொல்லுங்கள், அந்தச் செலவு ஷூவுக்குப் பல மாத ஆயுளைக் கொடுக்கும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள், வியர்வை காய ஒரு நாள் ஆகிறது. ஐப்பசி மழையில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள். வெயிலிலும் அடுப்புப் பக்கத்திலும் வைத்தால் தோல் வெடிக்கும், ஒட்டு விட்டுப்போகும். சாக்ஸ் பருத்தி என்றால் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், நாள் முழுக்க வியர்க்கிற காலுக்குப் பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொப்புளம் போடும். கலப்பு நூல் சாக்ஸ் போட்டு, மதியம் சாப்பிடும்போது காய்ந்ததாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கணுக்காலை மூடும் உயரம் புதர்க்காட்டில் பாம்புக்கும் ஓரளவு காப்பு. கடித்துவிட்டால் ஷூவையும் மெட்டியையும் கழற்றிவிட்டு, கட்டாமல், கீறாமல், 108-க்குப் போன் செய்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரிதான்.

அந்தத் தோள்வலிக்காரருக்கு ஒன்பது நம்பர், அகலமான காம்போசிட் ஷூ. ஒப்பந்தக்காரரிடம் பேசி வாங்கிக்கொண்டார். கையை மடக்கி வீசத் தொடங்கி ஆறு வாரத்தில் தோள் சரியானது, குதிகாலுக்கு நாலு மாதம் பிடித்தது. போன வாரம் கூட வேலை பார்க்கிற பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார், அவனுக்கு வலி ஒன்றும் இல்லை. "புது ஷூ தர்றாங்க சார், அதுக்கு முன்னாடி அளவு எடுத்துக் குடுங்க" என்றார். தரையில் வெள்ளைத்தாளைப் போட்டு, பையனை எடை முழுவதும் ஊன்றி நிற்கச் சொல்லி, பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு பாதத்தையும் சுற்றி வரைந்தேன். அவன் போட்டிருந்த பழைய ஷூவை அந்தக் கோட்டின் மேல் வைத்தபோது சுண்டுவிரல் பக்கம் கோடு அரை விரல்கடை வெளியே தெரிந்தது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.